கோதண்டத்தின் உயரம்

கோதண்டமும் தாட்சாயிணியும் சேர்ந்து நிற்கிற போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. இருபத்தோரு வருஷக் குடித்தனம். கல்யாண ஆல்பம் இருந்தது. பட்டாபிராம் வீட்டுக்குள் மழைத்தண்ணீர் புகுந்த வருஷம் அதுவும் ஊறிக் கூழாகிப் போனது. கல்யாணத்துக்கு அப்புறம் வேறு எடுத்திருக்கலாமே என்றால், எடுக்கப் போய்த்தான் வினையே வந்தது.

கல்யாணமான புதிதில் ஆவடியில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனார்கள். தாட்சாயிணி நல்ல உயரம். கோதண்டம் அவள் கண் மட்டத்துக்கு வருவார், அவ்வளவுதான். போட்டோக்காரர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு மரப்பலகையைத் தூக்கி வந்தார். "சார், இதும்மேல நில்லுங்க. படத்துல தெரியாது" என்றார். கோதண்டம் பலகையைப் பார்த்தார், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார், "அடுத்த வருஷம் எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை. வீட்டில் பேசும்போது அவர் வாசற்படியில் நிற்பார், அவள் தெருவில் நிற்பாள். ரயில்வே பிளாட்பாரத்தில் வாசற்படிக்கு எங்கே போவது? அங்கே நாலடி தள்ளி நிற்பார், யாரோ போல. இவளும் முதுகைக் கொஞ்சம் வளைத்தே நடந்து பழகிவிட்டாள். ஆனால் அதைப் பற்றி ஒரு நாளும் இருவரும் பேசியதில்லை. போன வருஷம் நெஞ்சுவலி வந்து ஒரே மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார். மிஞ்சியது பேக்டரி அடையாள அட்டையில் இருந்த தபால்தலை அளவு முகம் மட்டும்.

வருஷத் திதி முடிந்ததும் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு அம்பத்தூருக்கு உத்தமனிடம் போனாள். உத்தமன் போட்டோவைப் பார்த்து ஆயில் பெயிண்ட்டில் படம் வரைகிறவர். இப்போது பக்கத்துக் கடையில் கம்ப்யூட்டர் வந்துவிட்டதால் அவர் பாடு சுலபம். அங்கே ராணி என்கிற பெண், தனித்தனிப் போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒன்றாகச் சேர்த்து அச்சடித்துக் கொடுப்பாள். அதைப் பார்த்து இவர் வரைவார். தாத்தா செத்துப் பத்து வருஷம் கழித்துப் பிறந்த பேரனைக்கூட அந்தத் தாத்தா மடியிலேயே உட்கார வைத்துவிடுகிறார்கள் என்று ஊரில் பேச்சு.

"ரெண்டு பேரும் சேந்து நிக்கற மாதிரி வேணும் தம்பி."

"யக்கா, நீ உசுரோட கீற. அந்தப் படத்துக்கு மாலை போடக் கூடாது, தெரியுமில்ல?"

"அதுக்குத்தான் கேக்கறேன். மாலை போடாத படம் ஒண்ணு அவருக்கு வேணும்."

உத்தமன் கேமராவை எடுத்தார். அவளைப் பட்டுப்புடவையில் நிற்கவைத்துப் படம் எடுத்தார். ராணி அடையாள அட்டையின் முகத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, தோளின் மேல் விழுந்திருந்த ஆபீஸ் முத்திரையைப் புள்ளி புள்ளியாக அழித்தாள். உடம்புக்கு உத்தமன் தன் போட்டோவையே கொடுத்தார். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ராணி திரும்பினாள்.

"சார் எவ்ளோ ஒசரம்மா? இந்த போட்டோல மூஞ்சி மட்டும்தானே கீது."

அந்தக் கேள்வியைத் தாட்சாயிணி எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம்தான் யோசித்தாள். மனசுக்குள் ஒரு தாராளம் பொங்கியது. மனுஷன் ஆயுசு முழுக்க ஆசைப்பட்டது, கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

"என்னைவிட அரை அடி ஜாஸ்தி."

ராணி மௌஸை இழுத்தாள். கோதண்டம் மெல்ல மெல்ல மேலே போனார். "போதுமாம்மா?"

"இன்னும் கொஞ்சம்" என்றாள் தாட்சாயிணி. அவளுக்கு அன்றைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பஸ்ஸில் வீடு வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

இருபது நாள் கழித்துப் போனாள். உத்தமன் துணியை விலக்கிக் காட்டினார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. புடவை ஜரிகை மின்னியது, அவர் மீசை அப்படியே இருந்தது. அவள் தலை அவர் தோளுக்கு வந்தது. நிமிர்ந்து நிற்கிற ஒரு ஆம்பிளை, பக்கத்தில் அடக்கமாக ஒரு பொம்பிளை. ஊரில் எந்த வீட்டுச் சுவரிலும் மாட்டலாம்.

அவள் படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். யார் இவர்? முகம் அவருடையதுதான். ஆனால் இந்த மனுஷன் ஒரு நாளும் வாசற்படி தேடியிருக்க மாட்டார், பிளாட்பாரத்தில் தள்ளி நின்றிருக்க மாட்டார். இவரோடு அவள் ஒரு நாள்கூடக் குடித்தனம் பண்ணியதில்லை.

"இன்னாக்கா, புடிக்கலையா?"

"ஒசரம் தப்பு தம்பி."

"நீதானேக்கா அரை அடின்னே?"

"பொய் சொன்னேன்." புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அவரு குட்டை. என்னைவிடக் குட்டை." இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "போட்டோ ஸ்டுடியோவுல பலகை போட்டாங்கன்னு இறங்கி வந்துட்டாரு அவரு. இப்ப நானே அவரு காலுக்கடியில பலகையைப் போட்டுட்டேன். கேக்கறதுக்கும் அவரு இல்ல, இறங்கிப் போறதுக்கும் இல்ல. எடுத்துடு தம்பி."

உத்தமன் தலையைச் சொறிந்தார். "கம்ப்யூட்டர்னா ஒரு நிமிஷம். இது பெயிண்ட்டுக்கா, மொத்தம் சுரண்டிட்டு திரும்பப் போடணும். யோசிச்சிக்கோ. பாக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அப்பவே நான் சொல்லியிருக்கணும். பலகை வேணாம், இப்படியே எடுங்கன்னு. சொல்லாம விட்டுட்டேன்."

உத்தமன் படத்தை நிமிர்த்தி வைத்தார். பிறகு பென்சிலை எடுத்தார்.

"சரி, நேரா நில்லு. அவரு தலை எது வரைக்கும் வரும்?"

தாட்சாயிணி முதுகை நிமிர்த்தி நின்றாள். வலது கையை உயர்த்தி, தன் கண்ணுக்கு நேரே, பக்கத்து வெற்றிடத்தில் உள்ளங்கையை வைத்தாள். யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எண்ணெய் வைத்து வாரிய தலை அங்கேதான் இருக்கும்.

உத்தமன் ஒரு கண்ணை மூடி, பென்சிலை நீட்டி அளந்தார். கான்வாஸில் ஒரு கோடு போட்டார். "ஆச்சுக்கா, கையை எடுத்துடு" என்றார்.

அவள் எடுக்கவில்லை.