முட்டிச் சத்தம்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. பத்தொன்பது வருடங்களாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஊராருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அவள் உட்கார்ந்த வண்டியில் இன்றுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை. கீறல் எல்லாம் அவளுடைய வலது முட்டிக்குள் விழுந்திருந்தது.

பயிற்சி வண்டியில் இரண்டு பிரேக் மிதிகள் உண்டு. ஒன்று ஓட்டுபவர் காலடியில், இன்னொன்று பக்கத்து இருக்கையின் காலடியில். இரண்டையும் ஒரு கம்பி இணைக்கும். பக்கத்து மிதியை அழுத்தினால் ஓட்டுபவரின் மிதியும் தானாகக் கீழே இறங்கும். அவர் கால் அதன்மேல் இருந்தால், நாம்தான் மிதித்தோமோ என்று அவருக்கே சந்தேகம் வரும். ஒரு வகுப்பில் அறுபது தடவையாவது பிரேக் அக்கா காலைத் தூக்குவாள். பாதி நேரம் மிதிக்க வேண்டியிருக்காது. இருந்தாலும் கால் மிதிக்குமேல் போய்க் காவல் நிற்கும். நாளைக்கு எட்டு வகுப்பு. அறுபதை எட்டால் பெருக்கினால் அந்த முட்டியின் கதை விளங்கிவிடும். காலைத் தூக்கும்போதெல்லாம் உள்ளே 'டக்' என்று ஒரு சொடக்கு. தூக்கத்திலும் காலை உதைக்கிறாள் என்று கணவருக்குக் குறை. "கனவுல யாரு ஓட்டுறா? நல்லா ஓட்டுறவங்களா பாத்து ஏறக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

காலை ஆறரை மணி வகுப்பு ஸ்டெனோம்மாவுடையது. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர், இருபத்தெட்டு வருட சர்வீஸ். ஐம்பத்திரண்டு வயதில், தன்னைவிட ஒன்பது வயது சின்னவளை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவார். எல்லாரும் சொல்வதை மாற்றி எழுத எனக்கு அதிகாரம் கிடையாது என்பது அவர் சொல்லும் காரணம்.

அவர் ஓட்டுவதில் பிரேக் அக்காவுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சொல்லப்போனால் எட்டுப் பேரில் அவர் வகுப்பில்தான் அவள் கொஞ்சம் அசந்து உட்காருவாள். ஆபத்தைப் பார்த்து இவள் காலைத் தூக்கினால் போதும், அது மிதியைத் தொடும் முன்பே வேகம் குறைந்திருக்கும். அப்படிப்பட்டவர் மூன்று தேர்வில் தோற்றிருந்தார். முதல் தடவை பாதசாரி ஒருவர் சாலையில் இறங்கியபோது, இரண்டாம் தடவை நின்றிருந்த காரின் கதவு திறந்தபோது, மூன்றாம் தடவை பஸ் ஒன்று நிறுத்தத்தைவிட்டுக் கிளம்பியபோது. மூன்று முறையும் தேர்வு அதிகாரிதான் பக்கத்து மிதியை மிதித்து வண்டியை நிறுத்தினார். மூன்று தாளிலும் ஒரே குறிப்பு: பிரேக் தாமதம்.

பதற்றம் என்று அக்கா முடிவுகட்டினாள். மூச்சை இழுத்து விடுங்க, தண்ணி குடிங்க என்றாள். பத்தொன்பது வருடமாக அதையே சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துப்போயிருந்தது.

நாலாவது தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதிலும் போனால் ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி விண்ணப்பிக்க முடியும். ஸ்டெனோம்மாவுக்கு ஆறு மாதம் கிடையாது. அடுத்த மாதம் நீதிமன்றம் ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்குப் போகிறது. வேலை முடிவது ஐந்து மணிக்கு. அங்கிருந்து திரும்ப நாலு மணிக்கு ஒரு பஸ், விட்டால் ஏழு மணிக்கு. படுக்கையில் இருக்கும் மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவாள். கணவர் இறந்து நாலு வருடம் ஆகிறது. அவர் விட்டுப்போன கார் வாசலில் உறைபோட்டு நிற்கிறது. அதை ஓட்டினால் வேலை உண்டு, இல்லையென்றால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அன்று காலை அக்கா முட்டிக்கு இறுக்கமான உறை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தாள். அவள் கணவர் வாங்கிக் கொடுத்தது. போட்டதும் வலி பாதியாகக் குறைந்தது. குப்பை லாரி ஒன்றைக் கடக்கும்போது அதன் பின்னாலிருந்து ஒரு தள்ளுவண்டி நீட்டியது. அக்கா காலைத் தூக்கினாள். வேகம் குறையவில்லை. அவள் விழுந்தடித்து மிதித்ததில் ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது. தள்ளுவண்டிக்காரர் பானெட்டில் ஒரு தட்டு தட்டி, "கண்ணு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஸ்டெனோம்மா ஸ்டியரிங்கை விடாமல் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அக்கா, இன்னிக்கு உங்க முட்டி சத்தமே போடலையே."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஓரமாக நிறுத்தச் சொன்னாள்.

கணக்கு எளிமையானது. முட்டி சொடக்குவதற்கும் கால் மிதியைத் தொடுவதற்கும் நடுவே அரை விநாடி. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அரை விநாடிக்குள் வண்டி ஐந்தரை மீட்டர் ஓடும். அந்த அரை விநாடியில்தான் ஸ்டெனோம்மா பிரேக் போட்டுக்கொண்டிருந்தார். மின்விசிறி இரைச்சலில் சாட்சி விழுங்கும் சொல்லைக்கூடப் பிடிக்கும் காது அது. சாலையைப் பார்த்தது அக்காவின் கண், முடிவு செய்தது அக்காவின் மூளை. டக் என்றதும் கேட்டு நடந்தது மட்டும்தான் அவருடையது. அதிகாரியின் முட்டி நல்ல முட்டி. சத்தம் போடாது.

"தெரிஞ்சே செஞ்சீங்களா?"

"சத்தியமா தெரியாது. இப்ப வராதப்பதான், இவ்ளோ நாள் வந்துட்டிருந்துதுன்னே தெரியுது."

அன்று மீதி ஏழு வகுப்பையும் அக்கா கடனே என்று ஓட்டினாள். தான் இத்தனை காலம் எதைக் கற்றுக்கொடுத்தோம் என்ற நினைப்பு விடவில்லை. ஒருவர் முட்டியைக் கேட்டார் என்றால் இன்னொருவர் அவள் கை டேஷ்போர்டுக்குப் போவதைப் பார்த்திருப்பார், வேறொருவர் மூச்சு நிற்பதைக் கவனித்திருப்பார். லைசென்ஸ் வாங்கிப் போனவர்கள் எல்லாம் பக்கத்தில் யாருமில்லாமல் எப்படித்தான் ஓட்டுகிறார்களோ.

மறுநாளிலிருந்து கையில் இருந்த வித்தை எல்லாவற்றையும் இறக்கினாள். காலை மடக்கி இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஸ்டெனோம்மா பயந்து இருபதுக்குமேல் போகவில்லை. தாளில் சந்திப்புகளை வரைந்து அம்புக்குறி போட்டாள். அவர் அழகாகத் தலையாட்டிவிட்டு அதே சந்திப்பில் கோட்டைவிட்டார். தானே ஓட்டிக் காட்டினாள். அவர் பாதி வழியில் கண் சொருகினார். எல்லாம் மற்றவர்களிடம் பலித்த வழிகள். ஐந்து நாள் அப்படியே கரைந்தது.

ஆறாம் நாள் இருவரும் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். பாடம் நடத்தத் தெம்பில்லாமல்தான் அக்கா அதைக் கேட்டாள்: சுருக்கெழுத்து எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்?

முதலில் காதில் விழும், அப்புறம் யோசிப்போம், அப்புறம் கை எழுதும் என்றார் ஸ்டெனோம்மா. ஒரு வருடம் இந்த மூன்றும் தனித்தனியாக நடக்கும், தலை வெடிக்கும். பிறகு ஒரு நாள் நடுவில் இருக்கும் யோசனை காணாமல் போய்விடும். காதிலிருந்து நேரே கைக்கு.

"யாரும் பேசலைன்னா?"

"கை நிக்கும். பேசாததை எப்படி எழுதறது?"

அக்கா கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தாள். பஸ், சைக்கிள், கடை ஷட்டரைத் தூக்கும் ஆள். ஒன்றும் வாய் திறந்து சொல்லவில்லை.

"ரோடு பேசாது ஸ்டெனோம்மா. நான் பேசினாலும் பிரயோஜனமில்ல, நான் கூட வரப்போறதில்ல. நீங்கதான் பேசணும். பாக்கறதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்க, உங்க காதுக்கு."

அடுத்த காலை அவர் சொல்லிக்கொண்டே ஓட்டினார். குறை சொல்ல முடியாது, ஒன்றையும் விடவில்லை. பூட்டு ரிப்பேர் கடை, தாடிக்காரர், நாய் ஜாக்கிரதை, மொட்டைமாடியில் நீலப் போர்வை. போர்வையைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரே ஸ்கூட்டர் திரும்பியது. அக்கா மிதித்தாள். உறையையும் மீறி முட்டி சொடக்கியது.

"கோர்ட்ல வக்கீல் இருமினா எழுதுவீங்களா?" என்றாள் களைப்பாக.

"எழுத மாட்டேன். வழக்குக்கு வேண்டியது மட்டும்."

"இங்கயும் அதான். நம்ம வழிக்கு வரக்கூடியது மட்டும்."

அதற்கு இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள், "நின்ன கார், உள்ள ஆள் இருக்கு, கதவு திறக்கலாம்" என்று சொல்லும்போதே வண்டி தணிந்தது. கதவு திறந்தது. அக்காவின் கால் தரையிலேயே இருந்தது. பாராட்டினால் கலைந்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

தேர்வு நாளில் அவள் போக்குவரத்து அலுவலக வாசலில் இருந்த சிமெண்டுப் பலகையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். தன் இருக்கையில் அதிகாரி ஏறி உட்காருவதையும் வண்டி வளைவில் மறைவதையும் பார்த்தாள். இருபத்தைந்து நிமிடம். உட்கார்ந்த இடத்திலேயே ஐந்தாறு முறை கால் எழுந்து இறங்கியது.

திரும்பி வந்து இறங்கிய அதிகாரி பேனாவைத் தேடியபடியே அவளிடம் குறைப்பட்டார். "அந்தம்மா வழி பூரா முணுமுணுன்னு வராங்க. மந்திரமான்னு கேட்டேன். இல்ல சார், குறிப்புன்னாங்க."

"பேசக் கூடாதுன்னு விதி இருக்கா சார்?"

அவர் யோசித்தார். "அப்படி ஒண்ணும் எழுதல" என்று தாளில் கையெழுத்துப் போட்டார். குறிப்புக் கட்டம் வெறுமையாக இருந்தது.

ஸ்டெனோம்மா அந்தத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துக் கைப்பையில் வைத்தார். அக்கா சாவிக்குக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

"நானே ஓட்டறேன். நீங்க உக்காருங்க."

பள்ளி ஆறு கிலோமீட்டர். பத்தரை மணிக்கு அடுத்த ஆள் காத்திருப்பான்; அவன் எதைக் கேட்டு, எதைப் பார்த்து ஓட்டுகிறான் என்று இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும். அக்கா உறையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் தாழ்ந்த குரலில் குறிப்பு ஓடிக்கொண்டிருந்தது: மஞ்சள் விளக்கு, நிக்கணும். லாரி பின்னால வருது. அம்மா கையை விட்டுட்டு ஒரு குழந்தை. வண்டி தணிந்தது, நின்றது, கிளம்பியது. மிதிகளை இணைக்கும் கம்பி வழியாக அவள் காலருகே இருந்த மிதியும் ஸ்டெனோம்மாவின் மிதியோடு மெல்ல இறங்கி ஏறியது, அவள் மிதிக்காமலேயே.

அடுத்த சிக்னலில் ஸ்டெனோம்மா ஏதோ கேட்கத் திரும்பினார். பிரேக் அக்கா கண்ணாடியில் தலை சாய்த்து வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். கால் இரண்டும் அசையாமல் கிடந்தன.

"பச்சை" என்று தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு அவர் வண்டியை எடுத்தார்.