ஏழாம் எண் பை

உருக்காலைப் புகைபோக்கிக்குப் பக்கத்தில் குடியிருந்த வரை தங்கை மகனுக்கு மூச்சிழுப்பு நிற்கவே இல்லை. "இங்க இருந்தா பிள்ளை தேறமாட்டான். மலைக்கு அந்தப் பக்கம் போயிடுங்க" என்று சொன்னது அக்காதான். காற்று ஆய்வகத்தில் பதினோரு வருடமாக இருப்பவள். அவள் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு கிடையாது. தங்கை கணவர் ஆலையில் பார்த்த ஃபோர்மேன் வேலையை உதறிவிட்டு, அங்கே ஒரு கிடங்கில் காவலாளியாகச் சேர்ந்தார்.

மறு வருடம் ஆய்வகம் ஒரு சோதனை நடத்தியது. காற்றில் அநேகமாக இல்லாத, நிறமோ மணமோ அற்ற ஒரு வாயுவை ஆலைப் புகையோடு கலந்து விட்டார்கள். சுற்றிலும் பதினான்கு இடங்களில் பைகளில் காற்றைப் பிடித்தார்கள். எந்தப் பையில் அந்த வாயு இருக்கிறதோ, அங்கே ஆலைப் புகையும் போயிருக்கிறது என்று அர்த்தம். ஒப்பிட்டுப் பார்க்க, அவற்றில் ஒன்று புகை தீண்டாத இடமாக இருக்க வேண்டும். அவள் தங்கை வீட்டு மொட்டை மாடியைச் சொன்னாள்.

அங்கே ஏழாம் எண் பையை மாட்டும்போது பிள்ளை கிட்டே வந்து நின்றான். "இதுக்குள்ள என்ன பெரியம்மா இருக்கும்?"

"ஒண்ணுமே இருக்கக் கூடாதுடா."

மூன்றாம் நாள் ஏழாம் எண் பையைக் கருவியில் போட்டதும் கோடு எகிறியது. பை மாறியிருக்கும் என்று சீட்டைப் பார்த்தாள், அவள் கையெழுத்துதான். மறுபடி ஓட்டினாள். அதே கோடு. ஆலையை ஒட்டி வைத்த சில பைகளைவிட இதில் வாயு அதிகம். மலைக் கணவாய் வழியாக நுழைந்த புகை, தங்கை வீடு இருக்கும் பள்ளத்தில் வெளியேற வழியில்லாமல் தேங்கியிருக்கிறது.

தலைமை ஆய்வாளர் தாளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "உங்க இடம் கெட்டுப்போச்சும்மா. இன்னும் தள்ளி வேற இடம் பாருங்க."

"ஆலைக்கு எழுதுவோமா சார்?"

"எழுதலாம். போன தடவை எழுதினதுக்கே இன்னும் பதிலைக் காணோம்."

சனிக்கிழமை தங்கை வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். தங்கை துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"அவனுக்குத் திரும்பவும் இழுக்குதுக்கா. நீ மனசு கஷ்டப்படுவேன்னுதான் சொல்லல."

"எத்தனை நாளா?"

"வந்த ரெண்டாம் மாசத்துலேர்ந்து." சட்டையை அடுக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "இப்ப எங்க போகச் சொல்ற?"

பதின்மூன்று பைகளில் வாயு இருந்தது. மீதி ஒன்று வழியிலேயே கிழிந்துவிட்டது.

"அவர்கிட்ட சொல்லிடாத. இந்த வேலையே அவருக்கு இப்பதான் பழகுது" என்றாள் தங்கை.

அக்கா அவரிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை வரைபடத்தை மேசையில் விரித்து, பென்சிலோடு உட்கார்ந்தாள். புகை எட்டாத இடம் என்று மாலைவரை ஒரு புள்ளிகூட வைக்க முடியவில்லை.