பனியாற்றில் மூடிய கை

"உங்க அண்ணன் செத்து மூணு நாளாச்சு, இன்னும் நீ..."

"அம்மா, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"என்னத்தடா சொல்லப்போற? பட்டாணியன் வீட்டுல பொறந்துட்டு, ரத்தத்துக்கு ரத்தம் எடுக்காம ரொட்டி திங்கிறியே, தொண்டைல இறங்குதா?"

"கை ஓங்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். அண்ணனும் அந்தச் சத்தியத்தோடதான் வெள்ளைக்காரன்கிட்ட அடிபட்டுச் செத்தான்."

"பயத்துக்கு நல்ல பேருதான் வச்சிருக்கீங்க! இந்தா, என் முக்காட்டைப் போட்டுக்க. துப்பாக்கிய நான் எடுத்துக்கிட்டுப் போறேன்."

"குடும்மா, வெளில குளிரு தாங்கல" என்று சிரித்தான், செங்கல் நிறச் சட்டை அணிந்த மிர்பாஸ். அவன் தாய் பல்வஷா சிரிக்கவில்லை.

வெண்பனி போர்த்த மலைமுடிகள் இளங்கதிர் பட்டுப் பொன்னென ஒளிர, அம்மலைகளின் உருகிய குளிரையெல்லாம் சுமந்துவந்த சுவாத் ஆறு, உறையினின்று உருவிய வாளெனச் சிற்றூரின் ஓரத்தே பளபளத்து ஓடிக்கொண்டிருந்த அவ்வேளையில், வெள்ளையரின் படை ஊரை வளைத்தது. கை ஓங்காமலே விடுதலை கேட்டு, மிர்பாஸைப்போல் செங்கல் நிறச் சட்டை அணிந்த செஞ்சட்டையினர் அனைவரும் ஆற்றங்கரைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். விடுதலை இயக்கத்தைத் துறந்தோம் என்னும் தாளில் பெருவிரலை மையில் தோய்த்து ஒற்றுவோர் வீடு திரும்பலாம். மறுப்போர் மார்பளவு நீரில் நிற்கவேண்டும் என்றான் படைத்தலைவன்.

பெண்களோடு கரையில் நின்ற பல்வஷா மகனையே நோக்கியிருந்தாள். அஞ்சியவன் ஒற்றிவிடுவான், பிறகு ஊரார் முகத்தில் எவ்வாறு விழிப்பது?

மிர்பாஸ் நீரில் இறங்கினான். உதடு நீலம்பாரித்தபின் அவனைக் கரையேற்றித் தாளை நீட்டினர். அவன் கையை இறுக மூடிக்கொண்டான். மீண்டும் நீர், மீண்டும் தாள். மூன்றாம் முறை இரு படைவீரர் அவன் விரல்களைப் பிரிக்க முயன்றனர். துப்பாக்கிக் கட்டையால் மணிக்கட்டில் அடித்தனர். சினங்கொண்ட காளையைக் கொம்பு பிடித்து நிறுத்தும் தோளுடையவன் அவன். ஓங்கியிருந்தால் இருவரும் ஆற்றில் வீழ்ந்திருப்பர். ஆயினும் அம்மூடிய கை அடிக்கவும் எழவில்லை, மைக்கும் விரியவில்லை. பிரிக்க முயன்ற வீரர்களே சலித்துப் பின்வாங்கினர்.

கொல்லும் கைகளைப் பல்வஷா கண்டிருந்தாள். இரந்து நீளும் கைகளையும் கண்டிருந்தாள். இரண்டுமல்லாத ஒரு கையை, தான் பெற்ற கையை, அன்றுதான் கண்டாள். அச்சமென்று தான் இகழ்ந்தது எத்துணைப் பெரிதென உணர்ந்து, பெரும் பள்ளிவாசல் முன் நின்றாற்போல் மெய்சிலிர்த்தாள். மூத்தவனும் இவ்வாறுதான் நின்றிருப்பான் என்றெண்ணியபோதுதான், மூன்று நாளாய் வாராத கண்ணீர் வந்தது.

நான்காம் முறை மகனை நீரில் தள்ளினர். தடுத்த வீரனை ஏறிட்டும் பாராமல் அவள் கரையினின்று இறங்கினாள். நீர் முழங்காலைக் கடித்தது; இடுப்பைக் கடித்தது. படைத்தலைவன் கூவியது அவள் செவியில் ஏறவில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லுடா, எனக்கும் இடம் வேணும்."