பேர் எழுதாத ரத்தம்

“யாரு ரத்தம்னு மட்டும் சொல்லும்மா. மத்தக் கதை எனக்கு வேண்டாம்.”

வில்பிரட் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்தவள் ஜெயபிரியா. கடலோரத்துச் சனம் எந்த வம்சத்தில் வந்தது என்று ஆராய, இரண்டு வருசத்துக்கு முன் புன்னைக்காயலில் ரத்தம் எடுத்துப் போன கூட்டத்தில் ஒருத்தி. எடுத்ததில் என்ன கண்டோம் என்று ஊருக்குத் திரும்ப வந்து சொல்ல வேண்டுமாம், விதி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் சொன்னாள். இந்த ஊரில் எடுத்த ரத்தத்தில் சிலதில் ஒரு குறை இருக்கிறது. பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வரும். அது உள்ளவன் தண்ணீரில் முங்கினால் நெஞ்சு திடீரென்று நின்றுபோகலாம்.

கேட்டவர்கள் ஆளாளுக்குப் பக்கத்து வீட்டை நினைத்துக்கொண்டு எழுந்து போனார்கள். வில்பிரட் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். அவருடைய தகப்பன் முங்கின இடத்திலேயே போனவர். மூத்த மகன் டெரன்ஸ், போன வருசம் சங்கு குளிக்க இறங்கினவன், பிணமாக மேலே வந்தான். ஊர் ஒரு சாவைச் சுறா மேல் போட்டது, இன்னொன்றைக் காற்றுக் குழாய் மேல் போட்டது. இளையவன் ரெக்சன் நாளைக் காலையில் அதே கடலில் இறங்கப் போகிறான்.

“சத்தியமா எனக்குத் தெரியாதுய்யா. குப்பியில நம்பர்தான் இருக்கு. பேரு எழுதப்படாதுன்னு எந்திரிச்சு நின்னு சண்டை போட்டதே நீங்கதான?”

போட்டார்தான். அதற்கு முன்னால் ஒரு கம்பெனிக்காரன் இதே மண்டபத்தில் டீயும் வடையும் கொடுத்து, கூட்டத்துக்கு வந்ததற்கு என்று கையெழுத்து வாங்கிப் போய், ஊரே சம்மதித்துவிட்டதாகக் காட்டினான். அன்றிலிருந்து பேர் கேட்கிறவன் எவனையும் வில்பிரட் நம்புவதில்லை. பேர் கேட்டால் ஒரு சொட்டு கிடையாது என்று அவர் நின்றார், ஊரும் கூட நின்றது. வாய்ச் சம்மதம் போதும் என்று ஜெயபிரியாவின் கூட்டமும் மேலே அனுமதி வாங்கி வந்து எடுத்தது.

“சரி. இப்பம் பேரு எழுதிக்கோ. எம்மவனுக்கு டெஸ்ட் எடு.”

“அவரே வந்து சம்மதிக்கணும்யா. வந்தாருன்னா ஆஸ்பத்திரியில நான் ஏற்பாடு பண்ணுதேன். அதுவரைக்கும் அவரு முங்க வேண்டாம்.”

“பெத்தவன் சொல்லுதேன், போதாதா?”

“போதாது.”

“உங்க விதியக் கொண்டுபோய்க் கருவாட்டோட காயப்போடு!”

வீட்டில் ரெக்சன் சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“டெஸ்ட் எடுத்து இருக்குன்னு வந்தா? எந்த வள்ளக்காரன் என்னைய ஏத்துவான்? நாளைக்கு எம்மவ ஜெர்லினை எவன் பொண்ணு கேட்டு வருவான்? பேரக் குடுக்காதன்னு ஊரையே கூட்டிச் சொன்ன வாய்தான யப்பா இது?”

“செத்துருவலே.”

“செத்தா அன்னைக்குப் பாத்துக்கிடலாம். ஏளா பிளாரன்ஸ், குழம்ப ஊத்து. யப்பா, இதை வெளிய ஒரு பயட்ட சொன்னீங்க, எனக்கு அப்பன் கிடையாது.”

வில்பிரட் கையைப் பிடித்துப் பார்த்தார், மாதா மேல் சத்தியம் போட்டுப் பார்த்தார், காலில் விழப் போனார். ரெக்சன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

காலையில் கரையில் வள்ளம் தயாராக நின்றது. கயிற்றை முறுக்குப் பார்த்துக்கொண்டிருந்தான் செல்வின், ரெக்சனின் மனைவி பிளாரன்ஸின் தம்பி. முங்குகிறவன் இடுப்பில் கட்டுகிற கயிற்றை வள்ளத்திலிருந்து அவன் மச்சான்தான் பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவள் தாலி அறுக்க எவனும் கயிற்றைத் தளர விடமாட்டான் என்பதுதான் கணக்கு. செல்வின் நேற்று மாமியார் ஊருக்குப் போயிருந்தான். மண்டபத்தில் பேசியது அவன் காதுக்கு வரவில்லை.

ரெக்சன் முழங்கால் தண்ணீரில் நின்று முகக் கண்ணாடியைக் கழுவினான். தகப்பன் மணலில் வருவதைப் பார்த்ததும், வேண்டாம் என்று தலையை ஆட்டினான். வில்பிரட் நேராகச் செல்வினிடம் போனார். எல்லாவற்றையும் சொன்னார்.

“நிசமாவா மாமா? அத்தானுக்கு இருக்கா?”

“தெரியலலே. அதுதான் எனக்குப் பைத்தியம் பிடிக்கி. தெரியல.”

செல்வின் கயிற்றைச் சுருட்டி மணலில் போட்டான். “அத்தான், நான் இன்னைக்குப் பிடிக்கல.”

“ஏம்லே?”

“எங்க அக்கா மூஞ்சில நான் முழிக்கணும். டெஸ்ட் எடுத்துட்டு வாரும், பிடிக்கேன்.”

“என்னலே டெஸ்ட்டு?” என்று வள்ளக்காரன் கேட்டான். நேற்று மண்டபத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மச்சான் கீழே போட்ட கயிற்றை வேறு எவனும் எடுக்க மாட்டான். வள்ளம் ரெக்சனை விட்டுவிட்டுப் போனது.

ரெக்சன் கரையேறி வந்தான். “ஒரு குப்பியிலயும் பேரு எழுதாம, கரை முழுக்க எம்பேர எழுதிட்டீங்களே யப்பா.” முகக் கண்ணாடியைக் கையில் சுற்றிக்கொண்டான். “நான் திரேஸ்புரம் போறேன். அங்க எவனாவது பிடிப்பான்.”

“போலே! அங்கயும் வந்து சொல்லுவேன். நீ இறங்குத கரைக்கெல்லாம் வந்து சொல்லுவேன்.”

ரெக்சன் பஸ் நிற்கிற பக்கம் நடந்தான். வில்பிரட் மேல்சட்டை கூட இல்லாமல், கீழே கிடந்த கயிற்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வேட்டி தடுக்கத் தடுக்க அவன் பின்னாலேயே ஓடினார்.