எண்பது சேர வேண்டும்

மோதலுக்குப் பிறகு தணிகாசலம் பதினொரு துண்டுகளாக இருந்தார். அந்த ஆய்வுக்கூடத்தில் இது வழக்கமானதுதான். அங்கே வராந்தாக்கள் நடக்க நடக்க நீளும்; நடப்பவரின் வேகமும் கூடிக்கொண்டே போகும். எதிரே அதே வேகத்தில் கிடங்கு உலகநாதன் வந்தார். இருவருமே கனத்த உடம்புக்காரர்கள். விலக நேரமில்லை.

இருப்பதில் பெரிய துண்டு எதுவோ அதுதான் ஆள் என்பது ஏற்பாடு. அதன்படி தணிகாசலம் தன் மற்ற துண்டுகள் அகப்பட்டனவா என்று கேட்கக் கூட்டல் பிரிவுக்குப் போய் நின்றார்.

விதி எளியது. வேலையில் சேரும்போது ஒவ்வொருவருக்கும் மின்னூட்டம் நூறு என்று எழுதிக்கொள்வார்கள். சிதறியவரின் துண்டுகளில் குறைந்தது எண்பது சேர்ந்தால் அவர் முழு ஆள், வீட்டுக்குப் போகலாம். குறைந்தால் தள்ளுபடி முத்திரை. தள்ளுபடியானவர்கள் எங்கே போகிறார்கள் என்று தணிகாசலம் கேட்டதில்லை. இருபது வருடமாக அந்த முத்திரைக்கு மை ஊற்றுவது அவர் வேலை.

கணக்கெடுக்கும் ஜெஸிந்தா நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னும் கொதிக்கிறீங்க சார். ஆறட்டும். சூட்டோட எண்ணக் கூடாது.”

“ஆறுறதுக்குள்ள இன்னும் உதிர்ந்துடுமேம்மா.”

“பயப்படாதீங்க. பயந்தா சூடு ஏறும்.”

அதைக் கேட்டதும் அவருக்குப் பயம் வந்தது. சூடு ஏறியது. இடது தோளிலிருந்து நெல்லிக்காய் அளவில் ஒன்று தெறித்துச் சுவரில் பட்டது. சுவரில் பதித்திருந்த, மின்னூட்டம் அளக்கும் கருவி ‘டிக்’ என்றது. ஜெஸிந்தா இரண்டு என்று எழுதினாள்.

பின்னால் உலகநாதன் சிரித்தார். அவர் மூன்றே துண்டு. இரண்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

“எனக்கு எண்பத்து நாலு. நீ எதுக்கெடுத்தாலும் பதறுவே. அதான்யா மாவா உதிர்றே.”

ஒன்றரை மணிக்குத் தணிகாசலம் ஆறினார். ஜெஸிந்தா கூட்டினாள். மறுபடியும் கூட்டினாள்.

“எழுபத்தாறு.”

“என் அமைதி ஒண்ணு உதிர்ந்து மேஜைக்கடியில கிடக்கே, அதைச் சேர்த்தியா?”

“அதுக்கு மின்னூட்டம் இல்ல சார். கருவிக்குத் தெரியாது. அஞ்சு அளவுக்கு ஒரு துண்டு காணோம். வராந்தாக் கடைசி வாசல்ல மட்டும் கருவி கிடையாது. நேரா வெளியே போயிருக்கும். ரெண்டு மணிக்குக் கூட்டலை மூடிடுவோம்.”

அவர் வீட்டுக்குப் போன் செய்தார். மனைவி எடுத்தாள்.

“செண்பகம், அங்க ஏதாவது வந்துச்சா?”

“யாரு பேசுறது?”

“நான்தான்.”

“அவரு அப்பவே வந்துட்டாரே. ரசம் ஊத்திக்கிட்டிருக்கேன்.”

“உடனே இங்க அனுப்பு. ரெண்டு மணிக்குள்ள வரணும்.”

அவள் திரும்பிக் கேட்பது காதில் விழுந்தது. பதில் அவருடைய குரலிலேயே வந்தது. அதில் பதற்றமே இல்லை.

“மோர் சாப்பிட்டுட்டுப் பார்க்கலாம்கிறார். இவ்வளவு நிம்மதியா அவரு சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லீங்க. நீங்க யாருன்னு சொல்லலையே?”

தணிகாசலம் பெயரைச் சொல்லாமலே போனை வைத்தார். அதற்கும் மின்னூட்டம் கிடையாது. ஜெஸிந்தா எதையும் எழுதவில்லை.

மணி இரண்டு அடித்தது. அவள் முத்திரையை எடுத்துக் காகிதத்தில் அழுத்தினாள். எதுவும் பதியவில்லை.

“காய்ஞ்சுபோச்சு சார்.”

அவர் அலமாரியைத் திறந்து மைக்குப்பியை எடுத்தார். நன்றாக ஆறியிருந்ததால் கையிலிருந்து எதுவும் உதிரவில்லை. எப்போதும் போல, ஓரத்தில் வழியாமல் ஊற்றினார்.