ஸ்பேனர் ஊதிய குழாய்

முதியோர் இல்லத்தில் என் பெரியப்பாவுக்கு மறுபடியும் குளிர்காய்ச்சல். அதுவும் காய்ச்சலுக்கான மருந்து நரம்பில் சொட்டிக்கொண்டிருக்கும்போதே. குடைக்குள் மழை பெய்த மாதிரி. ரத்தத்தில் கிருமி இருக்கிறது, இந்தத் தடவை தாங்குவது சந்தேகம்தான் என்றார் டாக்டர். அது எந்த வழியாக உள்ளே போகிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

நர்ஸ் அக்காவைக் குறை சொல்ல வழியில்லை. கை கழுவிக் கழுவியே தோல் உரிந்தவர். குழாயில் மருந்து போடும் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் அவர் தேய்க்கும் தேய்ப்பில் பித்தளைக் குடமே பளபளக்கும்.

அன்று மத்தியானம் சொட்டு நின்றுபோனது. மணியடிக்கக் கை நீட்டினேன்.

"அந்தப் பொண்ண எதுக்குப்பா அலைய விடற?"

பக்கத்துக் கட்டில் ஸ்பேனர் எழுந்து வந்தார். ஆயுசு முழுக்க பைக் மெக்கானிக், பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். பெரியப்பாவின் சீட்டாட்டக் கூட்டாளி.

நான் வாயைத் திறப்பதற்குள், கை ஊசியிலிருந்து குழாயைக் கழற்றி, வாயில் வைத்து, கன்னம் உப்ப ஊதினார். பெட்ரோல் டியூபில் அடைப்பெடுப்பது போல. பிறகு நுனியைச் சட்டையில் துடைத்தார். சுத்தம் முக்கியமல்லவா.

"காத்து போற வரைக்கும் சொட்ட விட்டுத்தான் மாட்டணும். பிரேக் பைப் மாதிரி."

"ஐயா, மாட்டாதீங்க!"

வாசலில் நர்ஸ் அக்கா. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

"இத்தன நாளா நீங்கதானா?"

"சொட்டு நின்னா மட்டுந்தாம்மா. நீ ஒத்த ஆளு, எத்தன பேரப் பாப்ப?"

"உங்க வாய்க் கிருமி நேரா அவர் ரத்தத்துக்குப் போகுது ஐயா!"

"பல்லு வெளக்கிட்டுத்தாம்மா ஊதறேன்..."

"உனக்கு ஏதுடா பல்லு?" என்றார் பெரியப்பா, நடுங்கிக்கொண்டே.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா ஊசியை எடுத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். பேசி முடித்ததும் சட்டென்று திரும்பினார்.

"இவருக்கு மட்டும்தானே?"

ஸ்பேனரின் விரல் தாழ்வாரத்துக் கதவுகள்மேல் நகர்ந்தது. எதிர் அறை. அதற்கடுத்தது. "ஃப்ரீ சர்வீஸ்தாம்மா..." கடைசிக் கதவுக்கு வந்ததும் விரல் நின்றது. அங்கே போன வாரம்தான் கட்டில் காலியாகியிருந்தது.

பெரியப்பாவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது போர்வை நழுவியது. அதை இழுத்துவிடப் போன ஸ்பேனர் தன் கையைப் பார்த்தார். பின்வாங்கி, அதே கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சீட்டக் கலைச்சு வைடா, வந்துடறேன்," என்றார் பெரியப்பா.

ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்பிய பிறகும் அந்தக் கை வாயைவிட்டு இறங்கவில்லை.