வீரசாமி உபயம்

நியூசிலாந்துக்கு வடக்கேயுள்ள ஒரு கரும்புத் தீவில், பா நகரத்துக் கோயில் கமிட்டித் தலைவர் வீரசாமி எதைத் தானம் செய்தாலும் தம் பெயரைப் பொறித்துத்தான் கொடுப்பார். அண்டா, மின்விசிறி, அம்மனின் தீச்சட்டி, எல்லாம் ‘வீரசாமி உபயம்’. பக்தர்கள் கும்பிடும்போது பாதிக் கும்பிடு அவருக்கே போய்ச் சேரும்படி எழுத்துப் பெரிதாக இருக்கும். அவர் கோயிலுக்கு வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில், கரும்பு மில்லில் வேலை பார்த்த அவினேஷ் எழுதிய புரோகிராமிலும் அந்தப் பெயர் ஏறியபோது யாரும் வியக்கவில்லை, அவினேஷைத் தவிர.

எந்தத் தோட்டத்தில் என்றைக்கு வெட்டு, எந்தக் கரும்பு லாரி எப்போது மில்லுக்குப் போகவேண்டும் என்று சொல்லும் புரோகிராம் அது. யாரும் இலவசமாக எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குத் தரலாம். எழுதியவன் பெயரை மட்டும் நீக்கக்கூடாது என்ற திறந்த மூல உரிமத்தை அதன் தலையில் போட்டிருந்தான். தலைவர் ‘இலவசம்’ வரை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் மகன் ஷாலீன், அவினேஷின் பெயரை எடுத்துவிட்டு ‘ஷாலீன் வீரசாமி’ என்று போட்டு, உரிமத்தை அழித்து, இணையத்தில் ஏற்றினான்.

அந்த டிசம்பரில், நாட்டின் ஊழலைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. முதலில் சுத்தமானது அவினேஷின் வேலை. பிறகு குத்தகை நிலமும் கைவிட்டுப் போக, மனைவி நேஹாவுடனும் குழந்தையுடனும் தலைநகரப் பக்கம் நகாசியில் ஓர் உறவினரின் கார் ஷெட்டில் ஒதுங்கினான். நியூசிலாந்து விசாவுக்கு அவனிடமிருந்த ஒரே தகுதி அந்தப் புரோகிராம்தான். பதில் வந்தது: இது ஏற்கனவே வேறு பெயரில் இணையத்தில் இருக்கிறது, நீர் காட்டுவது நகல். விளக்கம் தராவிட்டால் மனு தள்ளுபடி.

பஸ் பிடித்து பாவுக்குப் போனான். தலைவர் வீட்டில் ஷாலீனுக்கு வழியனுப்பு விழா. அதே புரோகிராமைக் காட்டி அவன் ஆக்லாந்துக்கு விசா வாங்கியிருந்தான். மாலைகள் குவிந்திருந்தன.

“மாமா, நான்தான் எழுதினேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. போதும்.”

“அரே, கம்ப்யூட்டர் யார் குடுத்தது?”

“பாத்திரம் உங்களுது. பாயசமும் உங்களுதா?”

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

“யாரும் எடுக்கலாம்னு நீதானே போட்டே? எடுத்தேன். இப்ப நான் எழுதிக் குடுத்தா எம் மவன் ஏர்போர்ட்லேருந்து திரும்பி வருவான். வரட்டுமா?”

அவினேஷ் செருப்பை மாட்டத் திரும்பினான். தலைவர் கூப்பிட்டார்.

“டைப் அடிச்சவன்னு வேணா சர்டிபிகேட் தரேன். நல்ல பேப்பர்லயே தரேன்.”

டைப் அடிப்பவர்களை நியூசிலாந்து கேட்கவில்லை. மனு தள்ளுபடியானது.

மழைக்காலத்தில் ஷாலீன் போன் செய்தான். அங்கே ஒரு பழப்பண்ணை நிறுவனம் அதே புரோகிராமில் ஒரு மாற்றம் கேட்டிருக்கிறதாம். இவனுக்கு எங்கே கை வைப்பதென்று தெரியவில்லை.

“பையா, என் அண்ணன்ல, நீயே செஞ்சு அனுப்பு. என் வேலை நிலைச்சாத்தானே உன்னை இங்க கூப்பிட முடியும்?”

“கூப்பிடுவியா?”

“சத்தியமா.”

நேஹா பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நம்பறியா?”

“வேற யாரை நம்பறது?” என்றான் அவினேஷ்.

மறுநாள் காலை பக்கத்து ஊர் நௌசோரியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வாடகை நாற்காலியில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினான். முதல் வரியில், வழக்கமாகத் தன் பெயரைப் போடும் இடத்தில், ஷாலீனின் பெயரைத் தானே அடித்தான். தன் பெயரைப் போட்டால், ஷாலீன் அதை நீக்கும்போது வேறு எதையாவது கெடுத்துவிடுவான்.